எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று காருக்கு எப்படித் தெரிகிறது: ஒரு ரப்பர் பூட், ஒரு சவுண்ட் கார்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை

மதுரையில் நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏறும்போதுதான் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு முதல் தடவை மின்னியது. சும்மா எரியவில்லை, விட்டு விட்டு மின்னியது. கூடவே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி நாலைந்து தடவை திணறியது. 2014 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். பின் சீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும், டிக்கி நிறைய நத்தத்தில் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் போகிற சீர் சாமான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்னுவது நின்று விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்தது. அப்புறம் சமதளத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. காது குத்தி, கறிச்சோறு சாப்பிட்டு, காலை அமுக்காமல் பைய ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், பி0302 என்று கோடு (கோளாறு எண்) வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற காயில் நாலையும் மாற்ற வேண்டும் என்று 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். இரண்டாவது என்றுதானே கோடு சொல்கிறது, எதற்கு நாலு என்றேன். "செட்டாத்தான் சார் மாத்தணும்" என்றார் அந்தப் பையன். நான் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். செட்டாக மாற்றுகிற வித்தை எங்கள் தொழிலிலும் உண்டு. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இரண்டாவது சிலிண்டர் என்று காரிலிருக்கிற கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. சிலிண்டருக்குள் நெருப்பு பிடித்ததா இல்லையா என்று சொல்ல இந்த மாதிரி வண்டியில் தனியாக ஒரு சென்சாரும் கிடையாது.

கோரிப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவருக்கு ஸ்கேனர் எல்லாம் கடைசியில்தான். தினத்தாளில் ஒரு துண்டு கிழித்து சைலன்ஸர் வாயில் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். எல்லா சிலிண்டரும் ஒழுங்காக அடித்தால் காகிதம் ஒரே சீராக வெளியே தள்ளப்பட்டு நிற்கும். ஒன்று விட்டுவிட்டால் அந்த இடத்தில் காகிதம் ஒரு கணம் துவண்டு உள்ளே இழுபடும்.

"ஐட்லிங்ல ஒண்ணும் இல்ல தம்பி, நாலும் அடிக்குது. ஏத்தத்துலதானே திணறுச்சு?"

"ஆமா பாய்."

"அப்ப லோடு விழுந்தாத்தான் விடுது. காயிலோ பிளக்கோ, ரெண்டுல ஒண்ணு. ரெண்டாவது காயிலத் தூக்கி மூணுல போடுங்க, மூணாவத ரெண்டுல போடுங்க. கோடு கூடவே போச்சுன்னா காயில். போகலைன்னா வேற."

இந்த வண்டியில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. இன்ஜினை நிறுத்தி, பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டேன். இந்தக் காயில் 30,000 வோல்ட் வரைக்கும் போகும், ஓடுகிற இன்ஜினில் காயிலை உருவிப் பார்க்கிற வீரமெல்லாம் வேண்டாம். மாற்றிப் போட்டு, கோடை அழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் போய், அங்கிருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் அமுக்கினேன். விளக்கு மின்னியது. ஓரமாக நிறுத்தி, ப்ளூடூத் ஸ்கேனரை போனில் இணைத்துப் பார்த்தால் பி0302, பி0303, அதோடு பி0300 என்று மூன்று கோடு. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம்.

காயில் கெட்டிருந்தால் மூன்றாவது மட்டும் வர வேண்டும். காயில் நன்றாக இருந்தால் இரண்டாவது மட்டும் வர வேண்டும். எனக்கு இரண்டும் வந்தது. ஒன்றைச் சரி பண்ணப் போய் இரண்டாக்கி வைத்திருந்தேன். முன்னால் குரங்குக் கூட்டம் வேறு பானட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் ஆழத்தில் கிடக்கிற பிளக்கைக் கழற்ற மெல்லிசான 16 நம்பர் நீள சாக்கெட் வேண்டும், என்னிடம் இல்லை, பாயிடம் இருந்ததை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அந்த ஒரு வாரம் வண்டியை வெளியே எடுக்காமல், கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்.

பிஸ்டன்கள் தள்ளிச் சுற்றவைக்கிற தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட், அதோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். 60 பல்லுக்கு இடம், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருக்கும், மிச்சம் 58. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பல் இல்லாத அந்த ஓட்டைதான் கம்ப்யூட்டருக்குப் பிள்ளையார் சுழி, அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு சென்சார், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு. ஈ.சி.யு., அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், செய்கிற வேலை, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்வது.

நாலு சிலிண்டர் வண்டியில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நாலு சிலிண்டரும் தலா ஒரு தடவை அடிக்கும், 1, 3, 4, 2 என்ற வரிசையில், 180 டிகிரிக்கு ஒன்று. ஐட்லிங்கில் 750 ஆர்.பி.எம். என்றால் ஒரு சுற்றுக்கு 80 மில்லி விநாடி, ஒரு அடிக்கு 40 மில்லி விநாடி. ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் கிராங்க்கைத் தள்ள ஆள் இல்லை, வேகம் ஒரு துளி குறையும், அந்த 40 கொஞ்சம் நீளும். ஒரு கால் நொண்டுகிறவர் மாடிப்படி ஏறினால், கீழே அறையில் படுத்துக்கொண்டே எந்தக் கால் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்கு. பாய் காகிதத்தை வைத்துச் செய்ததும் இதைத்தான்.

வேறு வழிகளும் உண்டு. ஸ்வீடன் நாட்டு சாப் கார்களில், பிளக் பொறி விட்டு முடித்ததும் அதே இடைவெளிக்கு ஒரு சின்ன மின்னழுத்தம் கொடுத்து, மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பெட்ரோல் எரிந்திருந்தால் வாயுவில் அயனிகள் இருக்கும், மின்சாரம் ஓடும். எரியாவிட்டால் ஓடாது. பிளக்கையே சென்சாராக்கிய புத்திசாலித்தனம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் பல் எண்ணும் வேலைதான், அதற்குத் தேவையான சக்கரமும் சென்சாரும் ஏற்கெனவே வண்டியில் இருக்கின்றன, கூடுதலாகச் செலவு கிடையாது.

படித்தது போதும், நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. என்னிடம் ஆசிலாஸ்கோப் இருந்தது, ஆனால் அதில் நீளமாகப் பதிவு செய்ய முடியாது. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பக்கத்துத் தெருத் தம்பியிடம் இரண்டு சேனல் யு.எஸ்.பி. ஆடியோ பெட்டி இருந்தது. இதை வைத்து இன்ஜினைப் பதிவு பண்ணப் போகிறேன் என்றதும், கொடுத்துவிட்டு, அதற்கு என்ன ஆகிவிடுமோ என்று தானும் கூடவே வந்துவிட்டான்.

என் வண்டியில் கிராங்க் சென்சார் மூன்று ஒயர் உள்ள ஹால் வகை, 5 வோல்ட் சதுர அலை தரும். ஆடியோ பெட்டிக்கு 5 வோல்ட் அதிகம், அதனால் 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் இரண்டு ரெசிஸ்டரில் பிரித்து 0.45 வோல்ட்டாகக் குறைத்தேன். கனெக்டரின் பின்பக்கமாக ஒயரை ஒட்டி ஒரு குண்டூசியை உள்ளே விட்டு சிக்னலை எடுத்தேன், ஒயரைச் சீவவில்லை. இடது சேனலில் கிராங்க், வலது சேனலில் கேம் சென்சார். கேம் எதற்கு என்றால், கிராங்க்கின் ஓட்டை இரண்டு சுற்றில் இரண்டு தடவை வரும், வந்திருப்பது முதல் சிலிண்டரின் முறையா நாலாவதின் முறையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரே தடவைதான் சுற்றும், அது சொல்லிவிடும். லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டினேன். சொல்லிவிடுகிறேன், உங்கள் வண்டியில் இரண்டு ஒயர் சென்சார் இருந்தால் அது காந்தச் சுருள் வகை. வேகம் ஏற ஏற அதன் வோல்ட்டேஜும் பத்து, இருபது என்று ஏறும், இந்த ரெசிஸ்டர் கணக்கு அதற்குப் பத்தாது.

ஐட்லிங்கில் என் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது, ஆகவே மிஸ்ஃபயரை நாமே உண்டாக்க வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களில் இரண்டாவதின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு 20 விநாடி ஓட்டினேன். காயிலைக் கழற்றக் கூடாது. காயிலைக் கழற்றினால் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், எரியாமல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிய ஆரம்பிக்கும். உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால் காயில் செலவைவிடப் பல மடங்கு ஆகும். மலையில் விளக்கு மின்னியதும் அதற்காகத்தான். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான ஓ.பி.டி.-2 விதியில் (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கிற விதி), 200 சுற்றுக்குள் கன்வெர்ட்டரைக் கெடுக்கிற அளவுக்கு மிஸ் அடித்தால் விளக்கு மின்ன வேண்டும், புகை அளவைக் கெடுக்கிற அளவு மட்டும் என்றால் 1,000 சுற்றுகளை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் 200 சுற்று என்பது வெறும் 4 விநாடி. நம் ஊரில் கார்களுக்கு ஓ.பி.டி.-2 வந்தது 2013 ஏப்ரலில், என் வண்டி அதற்கு அடுத்த வருஷத்தது. விளக்கு மின்னினால் காலை எடுத்துவிட வேண்டும், மின்னாமல் எரிந்தால் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம்.

பதிவை முதலில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இதுதான் நான் எதிர்பார்க்காதது. பல்லுக்கு இடம் 60 என்பதால் ஒரு வசதி இருக்கிறது: ஆர்.பி.எம். எவ்வளவோ அதுவே ஹெர்ட்ஸ். 750 ஆர்.பி.எம். என்றால் 750 ஹெர்ட்ஸ் ஓசை. நல்ல நிலையில் பதிந்தது கரகரவென்று, ஆனால் ஒரே சுருதியில் நின்றது. தம்பி கீபோர்டில் தட்டிப் பார்த்து "எஃப் ஷார்ப்புக்கு ஒரு மயிரிழை மேல நிக்குதுண்ணே" என்றான். அப்புறம் இன்ஜெக்டர் கழற்றிய பதிவைப் போட்டேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது வைப்ரேட்டோ. அரைக் கட்டை ஏறி இறங்குது."

அதே எஃப் ஷார்ப், ஆனால் விநாடிக்கு ஆறு தடவைக்குக் கொஞ்சம் மேலே அலைந்தது. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை இரண்டாவது சிலிண்டரின் முறை வருகிறது, 750 ஆர்.பி.எம்.மில் அது விநாடிக்கு 6.25 தடவை. பாடகர்கள் குரலை அசைக்கிற வேகமும் ஏறக்குறைய அதுதானாம். செத்துப்போன சிலிண்டர் ஒன்று சங்கதி போட்டுக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். உள்ளேயிருந்து மனைவி, என்ன ஊளைச் சத்தம் என்று கேட்டாள்.

சரி, கணக்குக்கு வருவோம். பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, ஒவ்வொரு பல்லின் விளிம்பும் எந்த நேரத்தில் வருகிறது என்று எடுத்து, 180 டிகிரிக்கு ஒரு கூறாகக் கூட்டினேன். ஒழுங்காக ஓடும்போது நாலும் 39.8 முதல் 40.2 மில்லி விநாடிக்குள் இருந்தன. இரண்டாவதை நிறுத்தியபோது வந்த சராசரி: முதல் சிலிண்டர் 40.9, மூன்றாவது 40.1, நாலாவது 39.2, இரண்டாவது 40.0.

பார்த்தீர்களா? இரண்டாவதைத்தான் கழற்றினேன், அது நல்ல பிள்ளை மாதிரி 40.0 என்று நிற்கிறது. குற்றவாளிக் கூண்டில் முதல் சிலிண்டர். ஊசியை மாற்றிக் குத்திவிட்டேனா, கேம் சிக்னலைத் தப்பாகப் படித்தேனா என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

தப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவதின் முறை தொடங்கும்போது வேகம் உச்சத்தில் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் 1, 3, 4 மூன்றும் தள்ளி ஏற்றிவிட்டிருக்கின்றன. அந்த முறை முழுக்க வேகம் சரிந்துகொண்டே வந்து, அது முடியும்போதுதான் அடிமட்டத்தைத் தொடுகிறது. உச்சமும் அடிமட்டமும் சேர்ந்த சராசரி நடுவில்தானே வரும்? அடுத்து வருகிற முதல் சிலிண்டர் பாவம், அடிமட்டத்திலிருந்து தொடங்கித் தூக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதன் நேரம் நீளமாகத் தெரிகிறது. முந்தினவன் வைத்துவிட்டுப் போன கடனை அடைக்கிறவன் மேல் பழி.

எண்ண ஆரம்பிக்கும் இடத்தை 15 பல் தள்ளினேன், அதாவது 90 டிகிரி. இப்போது நாலாவது 39.2, இரண்டாவது 40.9, முதல் 40.4, மூன்றாவது 39.6. உச்சம் சரியாக இரண்டாவதில் விழுந்தது, அதுவும் நாலிலிருந்து இரண்டுக்கு ஒரே தாவலாக 1.7 மில்லி விநாடி. அப்போதுதான் புரிந்தது, கார் செய்கிறவர்கள் ஒவ்வொரு இன்ஜினுக்கும் நேரத்தை எண்ணுகிற இந்த 180 டிகிரி ஜன்னலை எந்த டிகிரியில் வைப்பது என்று தனியாக உட்கார்ந்து பார்த்து நிர்ணயிக்கிறார்கள், வெறும் நேரத்தை மட்டும் பார்க்காமல் முந்தின அடிக்கும் இந்த அடிக்கும் உள்ள மாற்றத்தையும் பார்க்கிறார்கள். வேகத்துக்கும் லோடுக்கும் தக்கபடி, எவ்வளவு மாற்றம் வந்தால் மிஸ் என்று எண்ணுவது என்ற வரம்பும் மாறும்.

இன்ஜினை 3,000-க்கு ஏற்றிவிட்டு அதே இன்ஜெக்டரைக் கழற்றிப் பதிவு செய்தேன். காதுக்கு நன்றாகத் தெரிகிறது, வண்டி உதறுகிறது, ஆனால் என் கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு அடிக்கு இப்போது 10 மில்லி விநாடிதான். கிராங்க்கோடு வேகமாகச் சுற்றுகிற கனமான சக்கரமான ஃபிளைவீலில் அவ்வளவு சக்தி சேர்ந்திருக்கிறது, ஒரு அடி தவறினாலும் அது அசைவதில்லை. நான் தேட வேண்டிய வித்தியாசம் சில பத்து மைக்ரோ விநாடிக்குள். என் ஆடியோ பெட்டியோ விநாடிக்கு 44,100 தடவை பார்க்கிறது, அதாவது ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 22.7 மைக்ரோ விநாடி. சல்லடைக் கண்ணும் ரவையும் ஒரே அளவு. ஈ.சி.யு.வின் கடிகாரம் இதைவிட எவ்வளவோ நுணுக்கமானது.

நுணுக்கமான கடிகாரம் இருந்தாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. பல் சக்கரம் இரும்பில் வெட்டியது, ஒரு பல் 0.1 டிகிரி தள்ளி இருந்தாலும் 3,000 ஆர்.பி.எம்.மில் 5.6 மைக்ரோ விநாடி பிசகும். அந்தப் பல்லின் பிசகை மிஸ்ஃபயர் என்று நினைத்துவிடலாம். அதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். கியரில் வண்டி ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால் ஈ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் எந்த சிலிண்டரும் எரிவதில்லை, எனவே யாரும் அடிக்கவும் முடியாது, யாரும் தவறவும் முடியாது. அப்போதும் நேரத்தில் வித்தியாசம் தெரிந்தால் அது சக்கரத்தின் பிசகுதான். அதைக் கற்று வைத்துக்கொண்டு பிறகு கழித்துக்கொள்ளும். கிராங்க் சென்சாரோ ஃபிளைவீலோ மாற்றினால் இதைத் திரும்பக் கற்க விட வேண்டும், இல்லையென்றால் மிஸ்ஸே இல்லாத வண்டியில் பி0300 வந்து உயிரை வாங்கும்.

ரோடும் ஏமாற்றும். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடியிருக்கிறார்கள், அதில் போனால் சக்கரம் தத்தித் தத்தி அந்த உதறல் கியர் வழியாகக் கிராங்க் வரைக்கும் போகும். பார்க்கிறதுக்கு மிஸ் அடிக்கிற மாதிரியே இருக்கும். ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் சக்கர வேக சென்சாரைப் பார்த்து, ரோடு மோசம் என்று தெரிந்தால் எண்ணுவதை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு சாக்கெட் கிடைத்தது. பாய் பட்டறை வாசலில் நாலு பிளக்கையும் கழற்றி நியூஸ் பேப்பரில் வரிசையாக வைத்தோம். முனைகள் நாலும் ஒரே மாதிரி செங்கல் நிறம், இடைவெளி எல்லாம் சரி. இரண்டாவது பிளக்கை மட்டும் பாய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பீங்கானில், தலையிலிருந்து கீழே இரும்பு வரைக்கும், பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை.

"தண்ணி போயிருக்கு. வாட்டர் வாஷ் பண்ணீங்களா?"

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் பண்ணியிருந்தேன். இன்ஜினையும் பளபளவென்று அடித்துத் தரச் சொல்லி நானே காசு கொடுத்திருந்தேன்.

பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. பொறி எப்போதும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, முனையில் பொறி விடக் குறைந்த வோல்ட்டேஜே போதும். மேட்டில் அமுக்கும்போது காற்று நிறைய போகிறது, அழுத்தம் ஏறுகிறது, முனையில் தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டியிருக்கிறது, அப்போது ஈரமான பீங்கான் வழியாக வெளியே நழுவிவிடும். ஒரு தடவை நழுவினால் அந்த வழி கரியாகிவிடும். அப்புறம் தண்ணீர் காய்ந்தாலும் கரி காய்வதில்லை.

ஸ்கேனரில் இரண்டு சிலிண்டருக்கும் கோடு வந்த புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. இரண்டாவதிலிருந்து கழற்றி மூன்றில் போட்டிருந்த காயிலின் ரப்பர் பூட்டை, அதாவது பிளக்கின் தலையை மூடுகிற ரப்பர் குழாயை, டார்ச் அடித்துப் பார்த்தால், உள்சுவரில் அதே கறுப்புக் கோடு. கரி பிளக்கிலும் இருந்தது, ரப்பரிலும் இருந்தது. நான் மாற்றிப் போட்டபோது கரிப்பட்ட ரப்பர் மூன்றாவதுக்குப் போனது, கரிப்பட்ட பிளக் இரண்டாவதிலேயே நின்றது. நல்ல ரப்பரும் கெட்ட பிளக்கும் இரண்டில், கெட்ட ரப்பரும் நல்ல பிளக்கும் மூன்றில். இரண்டு இடத்திலும் நழுவல். அப்படியே ஒரு வாரம் ஓட்டியிருந்தால் மூன்றாவது பிளக்கிலும் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினாலோ பூட்டை மட்டும் மாற்றினாலோ பழையது புதியதைக் கெடுத்துவிடும் என்று பாய் சொன்னார்.

காயிலில் ஒரு கோளாறும் இல்லை. பூட்டும் அதற்குள் இருக்கிற ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கின்றன. ஒரு பூட் போதும், ஆனாலும் ரப்பருக்கு வயசு ஆகிவிட்டது என்று நாலு வாங்கினேன், பிளக்கும் நாலு. ஆமாம், நானும் செட்டாகத்தான் மாற்றினேன், சிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பூட்டின் வாயில் சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவி, குழியைக் காற்றடித்துக் காயவைத்து, பிளக்கைக் கடைசிவரை கையாலேயே சுற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர் வைத்தோம்.

முதல் நாள் ஸ்கேனில் பி0302-ஓடு பி0171-உம் இருந்தது, சொல்ல விட்டுப்போச்சு. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற கோடு. அதைப் பார்த்து அந்த சர்வீஸ் சென்டரில் இன்ஜெக்டர் கிளீனிங்கும் எஸ்டிமேட்டில் சேர்த்திருந்தார்கள். பெட்ரோல் எரியாவிட்டால் அதோடு போன காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனும் செலவாகாமல் வெளியே வரும், புகைக் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து "காற்று அதிகம்" என்று ஏமாந்து சொல்லும், ஈ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மிஸ் நின்றதும் அந்தக் கோடு திரும்பி வரவில்லை.

சாயங்காலமே திரும்பப் பழமுதிர்ச்சோலைப் பாதைக்குப் போனேன். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழுக்க அமுக்கினேன், திணறல் இல்லை. இறங்கும்போது மூன்றாவதில் போட்டுக் காலை எடுத்துவிட்டு, பேட்டரி கழற்றியதில் பல் பாடம் எதுவும் மறந்திருந்தால் திரும்பப் படித்துக்கொள்ளட்டும் என்று உருள விட்டேன். கீழே வந்து போனில் ஸ்கேனர் செயலியைத் திறந்து மோட் 06 பார்த்தேன். கோடு விழும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் இந்த ஓட்டத்தில் எத்தனை தடவை மிஸ் அடித்தது, கடைசிப் பத்து ஓட்டத்தின் சராசரி எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். ஏ2 என்ற வரி முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அப்படியே ஏ5 வரைக்கும். இந்த ஓட்டத்துக்கு 0, 0, 0, 0.

மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது நாலாவதில் 2 என்று இருந்தது. பாயிடம் காட்டினேன். போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுவத்தஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி தம்பி, ரெண்டு தடவ தும்முனா ஒண்ணும் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்து நின்ற ஆட்டோவின் சைலன்ஸர் பக்கம் காகிதத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார்.